வாடிக்கையாளர் விருப்பமும் மென்பொருளின் அத்திவாரமும்

கூகிள் நிறுவனத்தார் ஒரு காலத்தில் தம் பாவனையாளரிடம் ஓர் எளிய வினாவை விடுத்தனர். தேடிய சொல்லுக்கு விடையாக ஒரு பக்கத்தில் எத்தனை முடிவுகளைக் காட்டவேண்டும்? பத்துப் போதுமா, அதற்கு மேலும் வேண்டுமா? கூடுதலாக வேண்டும் என்றே விடை வந்தது. கேட்டதைக் கொடுப்பதுதானே வணிகத்தின் முறை? ஆகவே, பாவனையாளருள் ஒரு பகுதியினருக்கு மாத்திரம் முப்பது முடிவுகள் கொண்ட பக்கம் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது. விளைவோ எதிர்மாறாக இருந்தது. அப்பகுதியினரின் தேடல்கள் நூற்றுக்கு இருபது வீதம் குறைந்தன. காரணத்தைத் துருவி ஆராய்ந்தபோது, பத்து முடிவுகள் கொண்ட பக்கம் 0.4 செக்கனில் வந்து சேர்ந்தது என்பதும், முப்பது முடிவுகள் கொண்ட பக்கத்துக்கு 0.9 செக்கன் பிடித்தது என்பதும் தெரியவந்தன. இடைப்பட்ட அந்த அரைச் செக்கனே மக்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுள் ஒருவராயிருந்த மரிசா மேயர் 2006 இல் ஒரு மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார்.

வாய் கேட்டது ஒன்று, கை நாடியது மற்றொன்று. இதனால் அம்மக்கள் பொய்யுரைத்தனர் என்பது பொருளன்று. முடிவுகளின் தொகையைப் பற்றியே அவர்கள் வினாவப்பட்டனர். அத்தொகைக்கு விலையாகச் சிறிது காத்திருக்க நேரும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. விலை குறிக்கப்படாத பண்டத்தில் இரட்டிப்பாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்போர் யார்?

மென்பொருளை ஆக்குவோர் வாடிக்கையாளரின் விருப்பத்தை அளக்க முற்படும்போதெல்லாம் இவ்விடர்ப்பாடு குறுக்கிடுகின்றது. பொத்தானின் நிறம், எழுத்தின் பருமன் முதலிய மேற்பூச்சுகளில் தவறு நேர்ந்தால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். கட்டமைப்பு அத்தகையதன்று. வீடு கட்டுவோர் சுவரின் வர்ணத்தைக் குடிபுகுந்த பின்னரும் மாற்றுவர். ஆனால், கிணற்றை எங்கே தோண்டுவது, அத்திவாரம் எத்துணை ஆழமாக இருத்தல் வேண்டும், பின்னொரு காலத்தில் மேல்மாடி எழுப்ப அது தாங்குமா என்பனவற்றை முதலிலேயே தீர்மானித்தாகவேண்டும். பிறகு மாற்ற நினைத்தால் சுவரை இடிக்கவேண்டி வரும்.

மென்பொருளிலும் இத்தகைய தீர்மானங்கள் உண்டு. தரவுகளையெல்லாம் ஓரிடத்தில் வைப்பதா, பிரதிகள் எடுத்துப் பல இடங்களிற் பகிர்ந்து வைப்பதா? கணக்கீட்டைப் பாவனையாளரின் கைத்தொலைபேசியிலேயே செய்வதா, தொலைவிலுள்ள வழங்கிக் கணினியிற் செய்து விடையை மாத்திரம் அனுப்புவதா? முழுவதையும் ஒரே பெரிய நிரலாக ஆக்குவதா, தனித்தனியே இயங்கும் சிறு பகுதிகளாகப் பிரிப்பதா? இவை எவையும் வாடிக்கையாளரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இவற்றின் பயனையே அவர் உணர்கின்றார். வேகம், நம்பகம், பாதுகாப்பு, புதியன சேர்ப்பதிலுள்ள எளிமை, செலவு என்பனவே அப்பயன்கள். அவையோ ஒன்றையொன்று இழுக்கும் இயல்பின. தரவுகளைப் பல இடங்களிற் பிரதி செய்து வைத்தால், ஓரிடம் பழுதுற்றாலும் சேவை நில்லாது நடக்கும். ஆயினும், ஒரு பிரதியிற் செய்த மாற்றம் மற்றையவற்றைச் சென்றடையும் வரை அப்பிரதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டிருத்தல் கூடும். ஒன்றைப் பெற மற்றொன்றிற் சிறிது இழக்கத்தான் வேண்டும். எதை இழப்பது என்பதைத் தீர்மானிக்க அளவுகோல் எதுவும் இல்லாதவிடத்து, கூட்டத்தில் உரத்த குரலில் பேசுபவரின் கருத்தே அத்திவாரமாகிவிடுகின்றது. இது மென்பொருள் நிறுவனங்களில் மாத்திரம் காணப்படும் குறையன்று.

வாடிக்கையாளரிடம் சென்று, "தரவைப் பிரதி செய்யலாமா?" என்று கேட்பதிற் பயனில்லை. அவர் அறிந்த மொழியிற் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது என்பதற்கு யப்பானியப் பேராசிரியர் ஒருவர் நல்ல வழி காட்டியுள்ளார். அவர் பெயர் நொறியாக்கி கானோ. டோக்கியோ விஞ்ஞானப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவரும் அவருடன் உழைத்தோரும் 1984 இல் தம் முறையை வெளியிட்டனர். அக்காலத்தில் மென்பொருள் அவர்களுடைய நோக்கமன்று. தொலைக்காட்சிப் பெட்டி முதலிய பண்டங்களின் தரத்தையே அவர்கள் ஆராய்ந்தனர்.

கானோவின் வினாக்கொத்தில் ஒவ்வோர் இயல்பைப் பற்றியும் இரண்டு வினாக்கள் உண்டு. இவ்வியல்பு இருந்தால் எவ்வாறு உணர்வீர் என்பது ஒன்று. இல்லாவிட்டால் எவ்வாறு உணர்வீர் என்பது மற்றொன்று. விடைகளோ ஐந்து: விரும்புகிறேன், இருக்கத்தானே வேண்டும், இரண்டும் ஒன்றே, பொறுத்துக்கொள்வேன், வெறுக்கிறேன். இருவினாக்களின் விடைகளையும் இணைத்துப் பார்க்கும்போது இயல்புகள் தாமாகவே வகைப்பட்டுவிடும். இருந்தால் விருப்பம், இல்லையேல் வெறுப்பு எனின், அது கூடக் கூட மகிழ்ச்சியும் கூடும் வகையைச் சார்ந்தது. இருந்தால் விருப்பம், இல்லையேல் கவலையில்லை எனின், அது எதிர்பாராத இன்பம் தருவது. இருந்தால் இருக்கத்தானே வேண்டும் என்பார், இல்லாவிடின் வெறுப்பார் எனின், அதுவே இன்றியமையாத வகை. இவை தவிர, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே எனப்படும் இயல்புகளும், இல்லாதிருந்தால் நன்று எனப்படும் இயல்புகளும் உள்ளன.

கட்டமைப்பைத் தீர்மானிப்போருக்கு இவற்றுள் இன்றியமையாத வகையே பெரிதும் வேண்டப்படுவது. குழாயைத் திறந்ததும் நீர் வந்ததென்று எவரும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. வராத அன்றே அயலெல்லாம் பேச்சாகும். வைப்பிலிட்ட பணம் கணக்கிற் காணப்படுதல், எழுதிய கடிதம் அழியாதிருத்தல், பிறருடைய கணக்குத் தவறுதலாகக் கண்ணிற் படாதிருத்தல் ஆகியன இவ்வகையின. "உமக்கு வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்" என்று மாத்திரம் கேட்கும் வினாக்கொத்தில் இவை மேலே வருவதில்லை. பல வேளைகளில் இடம் பெறுவதுமில்லை. புதிய அலங்காரங்களே முதலிடம் பெறும். அவ்வரிசையை நம்பி முழு உழைப்பையும் அலங்காரத்திற் செலவிட்ட நிறுவனம், அத்திவாரம் இறங்கிய பின்னரே விழித்துக்கொள்ளும். கானோவின் இரண்டாம் வினா, இல்லாமையைப் பற்றிய அந்த வினா, வாய்திறந்து கேளாத விருப்பத்தையும் வெளிக்கொணர்கின்றது.

எனினும், எது இன்றியமையாதது என்று தெரிந்தால் மாத்திரம் போதாது. இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு எவ்வளவு நிறை என்பதும் தெரியவேண்டும். இதற்கு உதவும் கணிதத்தின் வேரை டங்கன் லூஸ், ஜோன் ரூக்கி என்னும் அறிஞர் இருவர் 1964 இல் வெளியிட்ட கட்டுரையிற் காணலாம். அதனை வணிக ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் முறையை போல் கிறீன், விதாலா ராவ் என்போர் 1971 இல் விளக்கினர். தனித்தனி இயல்புகளைப் பற்றி வினாவாது, முழுப் பண்டங்களை வாடிக்கையாளர் முன்வைத்து, அவற்றுள் எதைத் தெரிவார் என்று பார்ப்பதே அம்முறை. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு நன்மையும் அதற்குரிய விலையும் சேர்ந்தே இருக்கும். கூகிளின் வினாவிற் குறைந்திருந்தது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு வங்கி கைத்தொலைபேசிச் செயலியொன்றை ஆக்க எண்ணுகின்றது. அலைத்தொடர்பு இல்லாத இடத்திலும் அது இயங்கவேண்டுமா? கணக்கு மீதி அக்கணமே சரியாகத் தெரியவேண்டுமா, ஒரு மணி நேரம் பிந்தலாமா? மாதந்தோறும் 100 ரூபா அறவிடலாமா? இம்மூன்றையும் வெவ்வேறாக இணைத்துச் சில செயலிகளை விவரித்து, வாடிக்கையாளர் ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்வர். அவருடைய தெரிவுகளிலிருந்து கணித்தபோது, தொடர்பின்றி இயங்குதலுக்கு 40 புள்ளி, உடனுக்குடன் மீதி தெரிதலுக்கு 25 புள்ளி, கட்டணம் இல்லாமைக்கு 30 புள்ளி என்று வந்ததாகக் கொள்வோம். இவருக்கு, தொடர்பின்றி இயங்காவிட்டாலும் இலவசமாகவும் உடனுக்குடனும் மீதி காட்டும் செயலி 55 புள்ளி பெறும். கட்டணம் அறவிட்டாலும் தொடர்பின்றி இயங்கி, தொடர்பு கிடைத்தபோது உடனே மீதி காட்டும் செயலி 65 புள்ளி பெறும். ஆகவே, 100 ரூபா கொடுத்தேனும் பின்னதையே அவர் கொள்வார். தொடர்பின்றி இயங்கவேண்டுமாயின் தரவின் ஒரு பகுதியைத் தொலைபேசியிலேயே வைத்திருக்கவேண்டும். தொடர்பு மீண்டதும் இருபக்கக் கணக்குகளையும் பொருத்திச் சரிபார்க்கும் ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கைக் கட்டி முடித்த மென்பொருளிற் பின்னர் ஒட்டவைத்தல் எளிதன்று. இவ்வாறு ஒருவரது விருப்பத்தின் நிறை, கட்டமைப்புத் தீர்மானமாக மாறுகின்றது.

இவ்விடத்தில் ஒரு பொறியும் உண்டு. கரையை விட்டு நெடுந்தூரம் கடலிற் சென்று தொழில் செய்வோருக்குத் தொடர்பின்றி இயங்குதல் 80 புள்ளி பெறும். நகரத்தில் இருப்போருக்கு அது சுழியமாக இருக்கும். இருசாராரும் சமமாக உள்ள கூட்டத்தின் சராசரி 40. அப்படி 40 புள்ளி கொடுத்த மனிதர் ஒருவரேனும் அக்கூட்டத்தில் இல்லை. சராசரிக்கென்று கட்டப்பட்ட வீட்டிற் குடியிருக்க ஆள் வருவதில்லை.

வினாக்கொத்துக்கும் பொறியியலாளரின் மேசைக்கும் இடையேயுள்ள வெளியை இணைக்க முயன்றோருள் முக்கியமானவர், ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருட் பொறியியல் நிறுவகத்தினர். விருப்பங்களைப் பொதுச்சொற்களால் எழுதுவதை அவர்கள் ஏற்பதில்லை. "விரைவாக இருத்தல் வேண்டும்" என்பது எவ்வளவு விரைவு? ஆகவே, ஒவ்வொரு விருப்பத்தையும் ஒரு நிகழ்ச்சியாக எழுதி, அதற்குரிய விளைவை அளவிடத்தக்க எண்ணாற் குறிப்பர். பின்னர், பாவனையாளர், பணம் கொடுப்போர், இயக்குவோர் ஆகிய அனைவருக்கும் நூறு வாக்குகள் வழங்கி, அந்நிகழ்ச்சிகளுக்கிடையே பகிர்ந்திடச் செய்வர். வாக்குகளுக்கு எல்லை உண்டாகையால், எல்லாமே முக்கியம் என்று எவரும் தப்பிக்கொள்ள முடியாது.

பூமியை ஆராயும் செய்மதிகளின் தரவுகளைச் சேமித்து விஞ்ஞானிகளுக்கு வழங்குவதற்கென நாசா நிறுவனம் அமைத்த பெருந்தொகுதியில் இம்முறை கையாளப்பட்டது. தரவு கேட்டு அனுப்பப்பட்ட வேண்டுகோள்கள் சில இடைவழியில் முடங்கிவிடும். ஒருவர் கையாலேயே அவற்றை விடுவிக்கவேண்டியிருந்தது. நூற்றுக்கு எத்தனை முடங்கலாம் என்பதற்கு நான்கு படிகள் குறிக்கப்பட்டன. மிக மோசமான நிலை 10, அன்றைய நிலை 5, விரும்பிய நிலை 1, உச்ச நிலை சுழியம். ஒவ்வொரு படியும் எவ்வளவு பயனளிக்கும் என்று உரியவர்களே புள்ளியிட்டனர். இம்முறையின் நுட்பம் அதில் அடங்கியுள்ளது. பயன் ஒரே சீராக ஏறுவதில்லை. மோசமான நிலையிலிருந்து சுமாரான நிலைக்கு வருதல் பெரும்பயன் தரலாம். நல்ல நிலையிலிருந்து குறையே இல்லாத நிலைக்கு ஏறுதல் சிறுபயனே தரலாம். செலவோ அந்தக் கடைசிப் படியிலேயே மிகும். ஒவ்வொரு கட்டமைப்பு யோசனையும் தரும் பயனை அதன் செலவால் வகுத்துப் பார்க்கும்போது, பொறியியலாளர் தம் மனத்துக்கு இனியதென வைத்திருந்த யோசனை வரிசையிற் கீழே போய்விடுதலும் உண்டு.

விருப்பத்தை நிறுக்காது விட்டால் என்ன நேரும் என்பதற்கு 2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது சான்று. 2010 இல் அங்கு நிறைவேறிய சுகாதாரச் சட்டத்தின்படி, மக்கள் காப்புறுதித் திட்டங்களை ஒப்பிட்டு வாங்குவதற்கென மத்திய அரசாங்கம் ஹெல்த்கெயர் டொட் கவ் என்னும் இணையத்தளத்தை அமைத்தது. 36 மாநிலங்களின் மக்கள் அதனையே நம்பியிருந்தனர். முன்னரே நோயுற்றிருந்தவர்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கதவடைத்து வந்த காலம் 2014 ஜனவரி முதலாந் திகதியோடு முடிவதாயிருந்தது. அன்று தொடக்கம் காப்புப் பெற விரும்பியோர் டிசெம்பருக்குள் பதிந்துகொள்ளவேண்டும். அவர்களுள் சிலருக்கு, தாமதித்த ஒரு மாதம் மருந்தில்லாத ஒரு மாதமாகும்.

ஒக்டோபர் 1 ஆந் திகதி தளம் திறக்கப்பட்டது. ஒரே வேளையில் 50,000 முதல் 60,000 வரையானோர் வரலாம் என்பது எதிர்பார்ப்பு. ஏறத்தாழ 250,000 பேர் வந்தனர். வந்தவர்களுட் பெரும்பாலோர் முதற்பக்கத்தைத் தாண்டவில்லை. முதல் நாளில் காப்புறுதித் திட்டமொன்றைத் தெரிந்து பதிவை முடித்தவர்கள் ஆறு பேர் என்று பின்னர் வெளியான அரசாங்கக் குறிப்புகள் காட்டின.

கூட்டம் மிகுந்தது என்பது மாத்திரம் இதற்குக் காரணமன்று. தளத்தின் அமைப்பையும் நோக்கவேண்டும். சந்தைக்குப் போகிறவன் விலையை விசாரித்த பின்னரே மடியை அவிழ்ப்பான். காப்புறுதி வாங்குவோரும் அத்தகையோரே. எந்தத் திட்டம், என்ன விலை என்று பார்த்து, வீட்டாரோடு கலந்து பேசி, மறுபடியும் வந்து பார்த்து, அதன் பின்னரே பெயரைக் கொடுப்பர். இவ்வாறு பெயர் கூறாது விலை பார்க்கும் வசதி ஆதித் திட்டத்தில் இருந்தது. திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் அது நீக்கப்பட்டது. அதிற் குறைகள் இருந்தமையாலேயே நீக்கப்பட்டதெனப் பின்னர் காங்கிரஸ் விசாரணையில் விளக்கம் கூறப்பட்டது. அதனால், விலையைப் பார்க்க விரும்பியவரும் முதலிற் கணக்கொன்று திறந்து, தம்மை இன்னார் என நிறுவிய பின்னரே உள்ளே செல்லவேண்டியதாயிற்று.

கட்டமைப்பின் கண்கொண்டு நோக்கினால் இதன் பாரதூரம் விளங்கும். விலைப்பட்டியல் யாவருக்கும் பொதுவானது. ஒரு முறை ஆக்கி, நூறு வழங்கிகளில் அதன் பிரதியை வைத்துவிட்டால், எத்தனை இலட்சம் பேர் வந்து பார்த்தாலும் தளம் தாங்கும். ஒருவர் இன்னார் என்று சோதிப்பது அப்படியன்று. ஆளுக்கு ஆள் தனித்தனியே, பல திணைக்களங்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் செய்யவேண்டிய பாரமான வேலை அது. வேடிக்கை பார்க்க வந்தவரையும் வாங்க வந்தவரையும் ஒரே ஒடுங்கிய வாசலில் வரிசையாக நிறுத்தியபோது, வாசலே அடைபட்டுப் போயிற்று. மக்கள் எந்த ஒழுங்கில் வாங்க விரும்புவர் என்பதை ஒரு சிறு வசதியாகக் கருதிப் பட்டியலிலிருந்து வெட்டினர். அஃது உண்மையில் முழுக் கட்டடத்தின் பாரத்தையும் இரண்டாகப் பிரித்துத் தாங்கும் தூணாயிருந்தது.

திருத்த வேலைக்கு வெளியிலிருந்தும் வல்லுநர் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று அளவிடுதல். தளம் எந்நேரம் இயங்குகின்றது, எந்நேரம் முடங்குகின்றது என்பதையே ஒழுங்காகக் காட்டும் கருவிகள் அதுவரை போதியனவாக இல்லை. ஒக்டோபர் பிற்பகுதியில் ஒரு பக்கம் வரச் சராசரி 8 செக்கன் ஆயிற்று. நூற்றுக்கு ஆறு வேண்டுகோள்கள் பிழையில் முடிந்தன. டிசெம்பர் 1 ஆந் திகதி வெளியான அறிக்கையின்படி, சராசரி ஒரு செக்கனுக்குட்பட்டது. பிழை நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது. கணக்குத் திறவாது விலை பார்க்கும் வழியும் இதற்கிடையே திறந்துவிடப்பட்டது. 2014 ஏப்பிரல் அளவில் மத்திய அரசின் தளத்தினூடும் மாநிலங்களின் தளங்களினூடும் பதிந்தோர் தொகை 80 இலட்சத்தை எட்டிற்று. அவ்வாண்டின் இறுதியில், சிக்கலில்லாத குடும்பங்களுக்கான விண்ணப்பம் 76 திரைகளிலிருந்து 16 ஆகச் சுருக்கப்பட்டது.

அளந்தவர்கள் தாம் அளந்தது எது என்பதை மறந்துவிடுதலும் உண்டு. இதற்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பரிசுப் போட்டி சுவையான சான்றாகும். அந்நாளில் அந்நிறுவனம் திரைப்படத் தட்டுகளைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விட்டது. வாடிக்கையாளர் ஒரு படத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் இடுவார் என்பதை, தன் முறையிலும் நூற்றுக்குப் பத்து வீதம் திருத்தமாக ஊகிப்போருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசென 2006 ஒக்டோபரில் அது அறிவித்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திர மதிப்பீடுகள் போட்டியாளருக்கு வழங்கப்பட்டன. 2007 இல் இடைப்பரிசு பெற்ற குழுவினர் 107 கணிப்பு முறைகளை ஒன்றுகலந்து 8.43 வீதத் திருத்தம் கண்டனர். நிறுவனம் அவற்றுள் இரண்டை மாத்திரம் எடுத்துப் பயன்படுத்திற்று. அவ்விரண்டையும், பத்துக் கோடியன்றி ஐந்நூறு கோடி மதிப்பீடுகளைத் தாங்கவும் நாள்தோறும் புதியன சேர்க்கவும் ஏற்றவாறு திருத்தியமைக்க வேண்டியிருந்தது. 2009 செப்டெம்பரில் பத்து வீதத்தை எட்டிய குழு முழுப்பரிசையும் பெற்றது. ஆனால், அவ்வெற்றி முறை நடைமுறைக்கு வரவேயில்லை. கிடைக்கும் மேலதிகத் திருத்தம், அதனை இயங்கு நிலைக்குக் கொண்டுவர வேண்டிய பொறியியல் உழைப்புக்கு ஈடாகாதென அந்நிறுவனத்தின் பொறியியலாளரே 2012 இல் எழுதினர்.

வேறொரு காரணமும் இருந்தது. 2007 முதல் படங்களை இணையத்தினூடே நேராகப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. தட்டு வந்துசேர நாட்கணக்கிற் காத்திருப்பவர் யோசித்து நட்சத்திரம் இடுவார். பொத்தானை அழுத்தியதும் படத்தைப் பார்ப்பவரோ, பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேறொன்றுக்குத் தாவிவிடுவார். என்ன பார்த்தார், எங்கே நிறுத்தினார், எந்த நேரத்திற் பார்த்தார் என்பனவே பேசும் சாட்சிகளாயின. உயர்ந்த விவரணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் இடுபவர் மாலையிற் சாய்ந்திருந்து பார்ப்பது நகைச்சுவைப் படமாயிருத்தல் கூடும். நட்சத்திரம் அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பை அளந்தது எனலாம். 2017 இல் நட்சத்திரங்கள் கைவிடப்பட்டு, விருப்பம், விருப்பமின்மை என்னும் இரு பெருவிரற் குறிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பரீட்சித்தபோது மதிப்பீடு அளித்தோரின் விடைகள் மும்மடங்காயின.

இதனால், செயலைக் கண்காணித்தலே போதும், வாயாற் கேட்டல் வீண் என்று கொள்ளுதலும் தவறு. செயலை நுணுக்கமாக அளக்க முடியும் என்பது மெய்யே. கூகிள் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட பரிசோதனையில், விடையை வேண்டுமென்றே 100 முதல் 400 மில்லிசெக்கன் வரை தாமதித்தபோது, ஒருவர் செய்யும் தேடல்கள் 0.2 முதல் 0.6 வீதம் வரை குறைந்தன. 400 மில்லிசெக்கன் தாமதத்துக்குள்ளானோர், தாமதம் நீங்கிய பின்னரும் சில வாரங்கள் முன்னரிலும் குறைவாகவே தேடினர். கண்ணிமைக்கும் நேரத்தையொத்த தாமதத்தை எவரும் வாய்விட்டு முறையிட்டிருக்க மாட்டார். ஆயினும், செயலை அளப்பவர் வந்தோரை மாத்திரமே அளக்கின்றார். வாசல் வரை வந்து திரும்பியோரும் வரவே இயலாதோரும் அவருடைய ஏட்டில் இடம்பெறுவதில்லை.

யூடியூப் தளத்திற் பணியாற்றிய பொறியியலாளர் ஒருவர் 2012 இல் எழுதிய அனுபவம் இதனை நன்கு காட்டும். காணொளிப் பக்கம் 1.2 மெகாபைற் அளவுக்குப் பருத்துவிட்டதைக் கண்ட அவர், அதனை 100 கிலோபைற்றுக்குட் சுருக்க முற்பட்டார். வேண்டாதன பலவற்றைக் களைந்து, காணொளி இயங்கும் பகுதியையும் புதிதாக அமைத்து, மெல்லிய பக்கமொன்றை ஆக்கினார். அதற்கு இறகு என்று பெயரிட்டு, பாவனையாளருள் ஒரு சிறு பகுதியினருக்குத் திறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பெறுபேற்றைப் பார்த்தபோது திகைப்பே மிஞ்சிற்று. பக்கம் வந்துசேரும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பக்கம் எவ்வாறு தாமதமாக வரும்? முயற்சியைக் கைவிடும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

பின்னர் அவ்வெண்களை நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது மர்மம் துலங்கிற்று. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, சைபீரியாவின் தொலைப்புறங்கள் ஆகியவற்றிலிருந்து, முன்னொருபோதும் இல்லாத அளவில் மக்கள் வந்திருந்தனர். மெலிந்த தொடர்புகளை உடைய அவ்விடங்களில் பழைய பக்கத்தைத் திறந்து படத்தின் முதற்காட்சியைக் காண இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகையால் அவர்கள் வந்ததேயில்லை. வராதமையால் எந்தச் சராசரியிலும் சேரவுமில்லை. மெல்லிய பக்கத்தில் அதே காட்சி இரண்டு நிமிடத்தில் வந்தது. செய்தி பரவ, மக்கள் வரத் தொடங்கினர். அவ்விரண்டு நிமிடங்களே சராசரியை உயர்த்தியிருந்தன.